உடைந்ததைத் தூக்கி எறியாதவர்: ஆர்வில் ரைட்



ஆடி பிறந்ததும் காற்றும் கூடவே வந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் நகரில் இந்த வருடம் பறந்தது அம்மி இல்லை, ஒரு குட்டி விமானம். பிள்ளைகளின் கைவினைக் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூங்கில் குச்சியும் துணியும் வைத்து ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தைச் சிறிதாகச் செய்து கொண்டு வந்திருந்தான். காலையில் ஜன்னல் ஓரமாக வைத்தவன் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் காற்று அதைத் தூக்கித் தரையில் அடித்துவிட்டது. ஒரு பக்கத்து இறக்கை இரண்டாக முறிந்து கிடந்தது.

பையன் அழுததைப் பார்த்துப் பெரியவர்கள் ஓடி வந்தார்கள். ஒரு அண்ணாச்சி கடையில் வாங்கிய தெர்மகோல் இறக்கையைப் பொருத்தினார். இன்னொருவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த சட்டம் அழகாக இல்லை என்று கழற்றிவிட்டார். மூன்றாமவர் நீல பெயிண்ட் அடித்தார். மதியத்துக்குள் விமானம் காலையில் இருந்ததைவிடப் பளபளப்பாக நின்றது. ஆனால் பையன் அதன் பக்கத்தில் போய் நிற்கவே மாட்டேன் என்றுவிட்டான். அதற்குப் பரிசு கொடுக்கலாமா, கூடாதா என்று செயற்குழுவில் அரை மணி நேரம் பேச்சு நடந்தது.

அந்தப் பேச்சு நடந்தபோது எனக்கு ஆர்வில் ரைட்டின் ஞாபகம்தான் வந்தது. இதே கேள்விக்காக அவர் 28 வருடம் போராடினார். வருகிற ஆகஸ்ட் 19 அவருடைய பிறந்த நாள். அமெரிக்காவில் 1939 முதல் அந்த நாளைத்தான் விமான தினமாகக் கொண்டாடுகிறார்கள். எனவே இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதி அவருக்கு.

உடைந்த பொம்மை

ஆர்வில் 1871 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில் பிறந்தார். அண்ணன் வில்பர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். தங்கை கேத்ரின் சரியாக மூன்று வருடம் கழித்து அதே ஆகஸ்ட் 19 அன்று பிறந்தாள். அப்பா மில்டன் ரைட் கிறிஸ்தவ சபை ஒன்றின் பேராயர். ஊர் ஊராகப் பயணம் போகிறவர். அம்மா சூசனின் தகப்பனார் வண்டி செய்யும் தொழில் செய்தவர். அந்தக் கைவேலை மகளுக்கும் வந்திருந்தது. வீட்டில் ஏதாவது உடைந்தால் சரிசெய்வது அம்மாதான். பிள்ளைகளுக்குப் பொம்மையும் பனிச்சறுக்கு வண்டியும் செய்து கொடுத்தது அவர்தான்.

1878இல் அப்பா பயணம் முடிந்து வரும்போது ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ஒரு ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். ரப்பரை முறுக்கி விட்டால் மேலும் கீழும் உள்ள இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற, பொம்மை கூரைவரை எழும்பிப் படபடத்துவிட்டு இறங்கும். பிரான்சைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ வடிவமைத்த பொம்மை வகை அது. பிள்ளைகள் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். ஆர்விலுக்கு அப்போது ஏழு வயது.

காகிதப் பொம்மை எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே உடைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்து அதேபோல் வேறொன்று செய்தார்கள். அது பறந்தது. உடனே ஆசை பெருகியது. இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பறக்கவில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். அது தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை.

காரணம் அவர்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. நம் வீட்டு வெல்லக் கட்டியை வைத்துப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் அதற்கு எட்டுக் கட்டி வெல்லம் வேண்டும். ஆனால் அதைச் சுற்றும் காகிதம் நான்கு மடங்குதான் ஆகும். பறக்கும் பொருளுக்கும் இதுதான் சிக்கல். எடை எட்டு மடங்கு ஏறும்போது, தாங்கும் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான் ஏறுகிறது. இரண்டு மடங்கு பெரிய பொம்மைக்கு எட்டு மடங்கு சக்தி தேவைப்படும் என்று பின்னாளில் அவர்களே எழுதினார்கள். சிறியது பறந்தது என்பதற்காக அதன் பெரிய நகலும் பறந்துவிடாது. ஏழு வயதில் ஒரு பொம்மை உடைந்து கிடைத்த இந்தப் பாடத்துக்குப் பெரிய பெரிய அறிஞர்கள் பின்னால் பெரிய விலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பொம்மை கைவிட்டதும் ஆர்வில் பட்டம் கட்டப் போனார். மெல்லிய குச்சி வைத்துக் கட்டுவதில் கெட்டிக்காரர். மற்ற பையன்களுக்கு விற்கவும் செய்தார்.

சைக்கிள் கடையும் காற்றுப் பெட்டியும்

1889இல் அம்மா காசநோயால் இறந்தார். அதே வருடம் ஆர்வில் தானே செய்த அச்சு இயந்திரத்தில் ஒரு சின்னப் பத்திரிகை நடத்த ஆரம்பித்தார். 1892இல் அண்ணனும் தம்பியும் சைக்கிள் கடை திறந்தார்கள். முதலில் விற்பனையும் ரிப்பேரும். 1896 முதல் சொந்தமாகச் சைக்கிள் செய்தும் விற்றார்கள். இரண்டு பேருமே கல்லூரிப் பக்கம் போனதில்லை. கம்பியை வளைப்பதும், சக்கரத்துக்குக் கோணல் எடுப்பதும், உடைந்த இடம் ஏன் உடைந்தது என்று பார்ப்பதும்தான் அவர்கள் படிப்பு.

1896 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் கிளைடரில் பறந்து விழுந்து இறந்தார். அந்த நாட்களில் ஆர்வில் டைபாய்டு காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். தேறி எழுந்த பிறகு இரண்டு பேருக்கும் பறப்பது பற்றிய யோசனை மறுபடி பிடித்துக்கொண்டது. 1899இல் வில்பர் கடையில் டியூப் வரும் நீண்ட அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையின் நுனிகளையும் இப்படி எதிரெதிராக முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் முடியும் என்று தோன்றியது. அதைச் சோதிக்க அவர் செய்ததும் ஒரு மாதிரிதான்: ஐந்தடி அகலமுள்ள இரட்டை அடுக்குப் பட்டம்.

அடுத்த வருடம் ஆள் ஏறும் கிளைடரோடு வட கரோலினா கடற்கரையில் கிட்டி ஹாக் என்ற மணல் மேட்டு ஊருக்குப் போனார்கள். நல்ல காற்றும், விழுந்தால் அடிபடாத மணலும் வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனது. அங்கே நீளமான மரச்சட்டம் கிடைக்காததால் இறக்கையைச் சிறிதாக்க வேண்டி வந்தது. அந்த ஊர்க்காரரான டேட் என்பவர் வீட்டுத் தையல் மிஷினில் வில்பர் உட்கார்ந்து துணியை வெட்டித் தைத்தார். சீசன் முடிந்ததும் கிளைடரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். டேட்டின் மனைவி அந்த நல்ல பருத்தித் துணியை வீணாக்க மனமில்லாமல் தன் பெண்பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துவிட்டார். அருப்புக்கோட்டைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அம்மாவின் மனசு நன்றாகவே புரியும்.

1901இல் செய்த பெரிய கிளைடர் ஏமாற்றியது. கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் பெரும்பகுதி வரவில்லை. தங்கள் காலத்தில் மனிதன் பறக்கப்போவதில்லை என்று வில்பர் மனம் உடைந்து ஊர் திரும்பினார். இங்கேதான் கதை திரும்புகிறது. அதைவிடப் பெரிய கிளைடர் செய்யாமல், மிகச் சிறிய இறக்கைகள் செய்ய உட்கார்ந்தார்கள்.

சைக்கிள் கடையில் ஆறடி நீளம், பதினாறு அங்குலச் சதுரமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்தார்கள். ஒரு முனையில் விசிறி. உள்ளே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ரம்பத் தகட்டையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையும் வைத்து ஒரு தராசு செய்தார்கள். தகரக் கத்தரியால் இரும்புத் தகட்டை வெட்டி, சுத்தியலால் வளைத்து, சில இடங்களில் மெழுகு சேர்த்து, உள்ளங்கையளவு இறக்கைகள் சுமார் 200 செய்தார்கள். ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் வைத்து, எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்குகிறது என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பிய காற்றழுத்த எண் உண்மையைவிட மிக அதிகம் என்று தெரியவந்தது. தூக்குவிசை குறைந்ததன் முக்கியக் காரணம் அதுதான்.

நாம் மாதிரி விமானம் என்றால் அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள் என்று நினைக்கிறோம். அந்த 200 தகடுகளில் ஒன்றுகூட அழகாக இல்லை. ஆனால் விமானத்தின் பிறப்பு அந்தத் தகடுகளில்தான் நடந்தது. 1902இல் அந்த அளவுகளை வைத்துச் செய்த கிளைடர் நினைத்தபடி பறந்தது. திரும்பும்போது சறுக்கியதற்கு மட்டும் ஆர்வில் ஓர் இரவு தூக்கமில்லாமல் யோசித்து, பின்னால் அசையாமல் இருந்த வாலை அசையும்படி செய்யலாம் என்றார். அதுவும் சரியாக அமைந்தது.

12 விநாடி

1903இல் இன்ஜின் வைத்த விமானம். கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் இன்ஜினைச் செய்து கொடுத்தார். 12 குதிரைச்சக்தி. சட்டம் ஸ்ப்ரூஸ், ஆஷ் மரங்களில். இறக்கைத் துணி வெளுக்காத மெல்லிய பருத்தி. நம்மூரில் காடாத் துணி என்போமே, அதில் நெருக்கமாக நெய்த மெல்லிய ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிசல் காட்டுப் பருத்திக்குத் தூரத்து உறவு.

கிட்டி ஹாக்கில் இன்ஜினை முதல்முதலில் ஓட்டியபோதே விசிறியின் தண்டு முறிந்தது. டேட்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினார்கள். அடுத்து பல்சக்கரம் தண்டில் நிற்காமல் நழுவியது. சைக்கிள் டயர் ஒட்டும் பசையைப் போட்டு இறுக்கினார்கள். அது நின்றது. மறுபடி தண்டில் விரிசல். ஆர்வில் ரயில் ஏறி டேட்டன் போய், இந்த முறை குழாயாக இல்லாமல் திண்ணமான ஸ்பிரிங் எஃகில் தண்டு செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11 அன்று திரும்பினார். 14ஆம் தேதி யார் முதலில் ஏறுவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் வில்பர் ஜெயித்தார். ஏறினார், உடனே மணலில் குத்தினார். மறுபடி ரிப்பேர்.

1903 டிசம்பர் 17. உறைய வைக்கும் காற்று. இந்த முறை ஆர்விலின் முறை. கீழ் இறக்கையில் குப்புறப் படுத்து ஓட்டினார். 12 விநாடி, 120 அடி. மதுரையில் வந்து இறங்குகிறதே ஏர்பஸ் ஏ320, அதன் உடல் நீளம்கூட அதைவிடக் கொஞ்சம் அதிகம். அன்று நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார்.

அதற்குப் பிறகு நின்றுகொண்டிருந்த விமானத்தைக் காற்று புரட்டிப் போட்டுவிட்டது. பிடிக்கப் போன ஜான் டேனியல்ஸ் உள்ளே சிக்கி உருண்டு காயத்தோடு தப்பினார். நம் கண்காட்சியில் ஆடிக்காற்று செய்த அதே வேலை. அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை. சட்டம் முறிந்து, துணி கிழிந்து கிடந்ததைப் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

வந்த பிறகும் வேலை நிற்கவில்லை. டேட்டன் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் இன்னும் இரண்டு விமானங்கள் செய்து, விழுந்து, திருத்தி, 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் 39 நிமிடம் வானில் சுற்றினார்.

உடைந்த காலும் உடைந்த விசிறியும்

1908இல் வில்பர் பிரான்சுக்குப் போனார், விமானத்தை உலகத்துக்குக் காட்ட. பெட்டியைத் திறந்தால் உள்ளே சட்டங்கள் நொறுங்கிக் கிடந்தன. தம்பி ஒழுங்காகக் கட்டவில்லை என்று கோபமாகக் கடிதம் எழுதினார். துறைமுகத்துச் சுங்கக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் போட்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஆகஸ்ட் 8 அன்று பறந்து காட்டினார். பிரான்ஸ் அசந்துபோனது.

அமெரிக்காவில் ராணுவத்துக்குப் பறந்து காட்டியது ஆர்வில். செப்டம்பர் 17 அன்று தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு விசிறி பிளந்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இன்ஜின் விமான விபத்தில் உயிர்விட்ட முதல் மனிதர் அவர்தான். ஆர்விலுக்கு இடது தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. தங்கை கேத்ரின் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தாள். அந்தப் படுக்கையில் இருந்தபடியே, உடைந்த துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, எது முதலில் உடைந்தது, அது எதில் போய்த் தட்டியது என்று ஆர்வில் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் ஊன்றுகோலை வைத்துவிட்டு அதே மைதானத்துக்குத் திரும்பிப் போய்ச் சோதனையை முடித்துக் கொடுத்தார். ராணுவம் 30,000 டாலர் கொடுத்து விமானத்தை வாங்கியது.

அந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. 1910இல் மெட்ராஸில் ஹோட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் தானே வடிவமைத்த விமானத்தை, குதிரை வண்டிகள் கட்டிய சிம்ப்சன் கம்பெனியில் செய்யவைத்துப் பறக்கவிட்டார். டேட்டன் சைக்கிள் கடையைப் போலவே அங்கும் சக்கர வேலை தெரிந்த கைகள்தான் இறக்கை செய்தன.

யார் செய்த ரிப்பேர்?

1912 மே 30 அன்று வில்பர் டைபாய்டில் இறந்தார். வயது 45. அடுத்த வருடம் மார்ச் மாதம் டேட்டனில் பெருவெள்ளம். கடைக்குப் பின்னால் கொட்டகையில் இருந்த 1903 விமானப் பெட்டிகள் தண்ணீரிலும் சேற்றிலும் மூழ்கின. முதல் பறத்தலின் புகைப்படம் எடுத்த கண்ணாடித் தகட்டின் ஒரு மூலை உடைந்தது. நல்ல வேளையாக விமானம் இருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணனும் இல்லை, விமானமும் சேற்றில். அப்போதுதான் வேறொரு அடி விழுந்தது.

சாமுவேல் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1896இல் நீராவி இன்ஜின் வைத்த, ஆளில்லாத மாதிரி விமானத்தை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறக்கவிட்டவர். உண்மையான சாதனை அது. பிறகு ராணுவத்தின் 50,000 டாலர் பணத்தில் அந்த மாதிரியை ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாக்கினார். 1903 அக்டோபரிலும் டிசம்பர் 8 அன்றும் அது ஆற்றில் விழுந்தது. வௌவால் பொம்மை சொன்ன பாடம்தான்.

லாங்லி 1906இல் இறந்தார். 1914இல் ஸ்மித்சோனியன் அவருடைய விமானத்தைக் கிளென் கர்டிஸிடம் கொடுத்துச் சரிசெய்து பறக்கவிடச் சொன்னது. ரைட் சகோதரர்களோடு காப்புரிமை வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர் கர்டிஸ். அவர் இறக்கையின் வளைவை மாற்றினார். தாங்கும் கம்பிகளை மாற்றினார். விசிறியையும் மாற்றினார். கீழே மிதவைகள் பொருத்தினார். அது ஏரியில் சிறு தாவல் தாவியது. பிறகு விமானத்தைப் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்து, மனிதனைச் சுமந்து பறக்கும் திறனுள்ள முதல் விமானம் இதுதான் என்று பலகை எழுதினார்கள். மாற்றியது எதையும் பலகையில் சொல்லவில்லை.

ஆர்வில் கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர். மேடையில் ஏறிச் சத்தம் போட அவருக்கு வராது. தன் 1903 விமானத்தை ஒழுங்காக ரிப்பேர் செய்வதுதான் அவருடைய பதிலாக இருந்தது. 1916இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் விழாவுக்காகச் சேறு படிந்த பெட்டிகளைத் திறந்து விமானத்தை மீண்டும் கோர்த்தார். 1927இல் பழைய துணியை எடுத்துவிட்டு, பழைய ரகத்திலேயே புதுத் துணி வாங்கி, தன் செயலாளர் மேபல் பெக், தொழிலாளி ஜிம் ஜேகப்ஸ் ஆகியோரோடு உட்கார்ந்து தைத்து மாட்டினார். பளபளப்பு சேர்க்கவில்லை; வலுவாக்குகிறேன் என்று எதையும் மாற்றவில்லை. 1928இல் அதை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் பெருமை கடல் தாண்டிப் போனது எல்லோருக்கும் வலித்தது. வலிக்க வேண்டும் என்றுதான் அனுப்பினார்.

1942இல்தான் ஸ்மித்சோனியன் இறங்கி வந்தது. லாங்லியின் விமானத்தில் 1914இல் என்னென்ன மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு அச்சிட்டு, தன் பழைய கூற்றைத் திரும்பப் பெற்றது. ஆர்வில் இத்தனை காலமும் கேட்டது அந்தப் பட்டியலைத்தான். விமானத்தைப் போர் முடிந்ததும் நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர அவர் சம்மதித்தார்.

ஒட்டாமல் போனது ஒன்று

நல்லது மட்டும் எழுதினால் வாழ்க்கை வரலாறு ஆகாது. ஆர்வில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேத்ரினும் பல வருடம் அண்ணனோடு அதே வீட்டில்தான் இருந்தார். 1926இல், 52 வயதில், கேத்ரின் பழைய நண்பர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைக் கைவிட்டுவிட்டதாக நினைத்த ஆர்வில் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன்பிறகு தங்கையோடு பேசவும் இல்லை. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்த தங்கை. 1929 மார்ச்சில் கேத்ரின் நிமோனியாவில் சாகக் கிடந்தபோதுதான், மற்றொரு அண்ணன் லோரின் வற்புறுத்திய பிறகு, போய்ப் பார்த்தார். மரமும் துணியும் உடைந்தால் அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்தவர் இதை இரண்டு வருடத்துக்கும் மேலாக அப்படியே போட்டுவைத்தார். நம் தெருக்களிலும் பேசாமல் இருக்கும் அண்ணன் தங்கைகள் உண்டு. அதனால் சொன்னேன்.

குழந்தைகளிடம் மட்டும் அவர் கடைசிவரை கெட்டியாக இருந்தார். அண்ணன் பிள்ளைகளின் பொம்மை உடைந்தால் அவர்தான் ரிப்பேர். 1920களில் இரண்டு கோமாளிகள் குட்டிக்கரணம் போடும் பொம்மை ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். விமானத்தைக் கண்டுபிடித்தவர் பொம்மைக்கு இறங்கிவிட்டார் என்று யாராவது நினைத்திருக்கலாம். அவர் ஆரம்பித்ததே பொம்மையில்தானே.

1948 ஜனவரி 27 அன்று காலை வீட்டு வாசலில் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. 76 வயது ஆர்வில் அதை உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத் தன் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே மாரடைப்பு வந்தது. 30ஆம் தேதி இறந்தார். அதே வருடம் டிசம்பர் 17 அன்று, முதல் பறத்தலின் 45ஆம் ஆண்டு நாளில், 1903 விமானம் ஸ்மித்சோனியனில் ஏற்றி வைக்கப்பட்டது. பார்க்க அவர் இல்லை.

அந்த விமானத்தின் துணியிலும் விசிறி மரத்திலும் ஒரு சிறு துண்டை 1969இல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குக் கொண்டுபோனார். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் எழும்பிய இன்ஜெனுயிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டரிலும் அந்தத் துணியில் தபால்தலை அளவு ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. அந்த ஹெலிகாப்டருக்கு மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றின. வௌவால் பொம்மையைப் போலவே.

நம் பிள்ளைகள் செய்யும்போது

1903 விமானத்தைச் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள். அசல் இறக்கையின் நீளம் 12.3 மீட்டர். 48இல் ஒரு பங்கு அளவில் செய்தால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வரும். பள்ளி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குறைவு. மூங்கில் சீவலும் ஃபெவிகாலும் போதும். துணிக்கு பெயிண்ட் அடிக்காதீர்கள்; அசல் துணி வெளுக்காத பருத்தியின் நிறம்தான். ஓட்டியவரைவிட இன்ஜின் எடை கூடுதல் என்பதால் வலப்பக்க இறக்கை நான்கு அங்குலம் நீளம். இறக்கைகளின் நுனி லேசாகக் கீழே தொங்கும். அது உங்கள் பிழை இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தைக் கழற்றக் கூடாது. ஏறவும் இறங்கவும் திருப்புவது அதுதான். ஒட்டிய இடம் காய ஓர் இரவு முழுக்க விடுங்கள். முறிந்த குச்சியைத் தூக்கி எறியாமல் இரண்டு பக்கமும் மெல்லிய பட்டை வைத்து நூலால் சுற்றி ஒட்டுங்கள்; கை முறிந்தால் கட்டுப் போடுவார்களே, அப்படி.

கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். பையனின் பழைய இறக்கைத் துண்டுகள் குப்பைக் கூடையிலேயே இருந்தன. மறுநாள் அவனே அவற்றை எடுத்துக் கட்டுப் போட்டு ஒட்டினான். தெர்மகோலைக் கழற்றினான். முன்சட்டத்தைத் திரும்பப் பொருத்தினான். நீல பெயிண்ட் மட்டும் போகவில்லை. ஒரு சீட்டில், வலப்பக்க இறக்கை முறிந்து ஒட்டப்பட்டது, நிறம் நான் அடித்தது இல்லை என்று எழுதி அருகில் வைத்தான். இப்போது பக்கத்தில் நின்றான்.

அதைப் பார்த்துவிட்டு செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அடுத்த கண்காட்சி முதல் உடைந்ததை யார் வேண்டுமானாலும் சரிசெய்து கொடுக்கலாம். பெரியவர்கள் உதவுவதில் தடையில்லை. ஆனால் எது உடைந்தது, யார் சரிசெய்தார், என்ன மாறியது என்று ஒரு சீட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். சீட்டு இருந்தால் பரிசு உண்டு. ஆகஸ்ட் 19 முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறையில் மேசை போட்டு, பசையும் நூலும் வைத்திருப்போம். வீட்டில் உடைந்து கிடக்கும் பொம்மைகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள். ஜன்னல் கதவு சாத்தியிருக்கும்.